ரத்தத்தில் கால்சியம் குறைந்தால்: மாத்திரை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முழு உடல் பரிசோதனை அறிக்கையில் கால்சியத்துக்கு எதிரே 7.8 என்று போட்டு, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி இருந்தால் தில்லியில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். பால் பாக்கெட் ஒன்று கூடும், மருந்துக் கடையிலிருந்து ஓர் அட்டை கால்சியம் மாத்திரை வரும். விஷயம் முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஆனால், நாம் சாப்பிடும் கால்சியம் போதுமா, எலும்பு பலமாக இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அந்த எண் பதில் சொல்வதே இல்லை. ரத்தத்தில் கால்சியத்தை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டில் எங்கோ கோளாறு என்றுதான் அது சொல்கிறது. கோளாறு எங்கே என்று பார்க்காமல் விழுங்கும் மாத்திரை சிலருக்குப் பலிக்காது, சிலருக்குச் சிறுநீரகத்தில் கல்லாகும்.

அந்த எண் எதை அளக்கிறது?

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 1 கிலோ கால்சியம் உண்டு. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் சுற்றிவருவது மொத்தமாகவே 300 மில்லிகிராம் சுமாருக்குத்தான். ஆய்வகங்கள் இதை டெசிலிட்டருக்கு இத்தனை மி.கி. என்று தருகின்றன. 8.5 முதல் 10.5 வரை இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சிறிது மாறும். சில அறிக்கைகளில் மில்லிமோல் கணக்கு இருக்கும். அதை 4ஆல் பெருக்கினால் மி.கி. கணக்கு கிடைத்துவிடும்: 2.0 மில்லிமோல் என்றால் 8 மி.கி.

இவ்வளவு குறுகிய எல்லைக்குள் உடல் இதைப் பிடித்துவைப்பதற்குக் காரணம் உண்டு. நரம்பு தூண்டப்படுவதும், தசை சுருங்குவதும், இதயம் துடிப்பதும், ரத்தம் உறைவதும் கால்சியம் இல்லாமல் நடக்காது. கால்சியம் குறைந்தால் நரம்பு சோர்ந்துபோகும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. நரம்புச் சவ்வில் சோடியம் நுழையும் வாயில்கள் அளவுக்கு மீறி எளிதாகத் திறந்துகொள்ள, யாரும் தூண்டாமலே நரம்பு தானாகத் துடிக்கத் தொடங்குகிறது. மரமரப்பு, விரல் இழுத்துக்கொள்வது, வலிப்பு எல்லாம் இதிலிருந்து வருபவை.

இந்த அளவைக் காப்பது கழுத்தில் தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். ஒவ்வொன்றின் எடையும் 30 முதல் 50 மி.கி.தான். இவற்றைப் பற்றிய முதல் குறிப்பு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிடைத்தது. லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்டு ஓவன் அதை எழுதிவைத்தார். மனித உடலில் இவற்றை 1880இல் விவரித்தவர் ஸ்வீடனின் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். இவை போய்விட்டால் வரும் இழுப்புக்குக் கால்சியக் குறைவே காரணம், கால்சியம் கொடுத்தால் அது அடங்கும் என்பதை மெக்கல்லமும் வோக்ட்லினும் 1909இல் நிறுவினார்கள்.

மாடித் தண்ணீர்த் தொட்டியில் மட்டம் இறங்கியதும் மிதவைப் பந்து தாழ்ந்து குழாயைத் திறந்துவிடுவதுபோல, கால்சியம் சற்றே இறங்கினாலும் இந்தச் சுரப்பிகள் சில வினாடிகளுக்குள் பி.டி.எச். என்ற ஹார்மோனை விடுகின்றன. அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கிறது. சிறுநீரில் போக இருந்ததைத் தடுத்து ரத்தத்துக்குத் திருப்புகிறது. கூடவே பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவமான கால்சிட்ரியாலாக மாற்றும்படி சிறுநீரகத்தைத் தூண்டுவதும் அதுதான். உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சக் கால்சிட்ரியால் வேண்டும்.

எலும்புத் தேய்வு உள்ள 65 வயது அம்மாவுக்கு ரத்தக் கால்சியம் 9.4 என்று இருப்பதன் காரணம் இதில் இருக்கிறது. எலும்பைக் கரைத்தாவது ரத்தத்தின் அளவை உடல் காப்பாற்றிவிடும். அறிக்கையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்பதை வைத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதேபோல், பால் குடிக்காததால் மட்டும் ரத்தக் கால்சியம் 7.5க்கு இறங்குவதும் அரிது.

உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

ரத்தக் கால்சியத்தில் சுமார் 40 சதவீதம் ஆல்புமின் முதலான புரதங்களோடு ஒட்டியிருக்கிறது. இன்னொரு 10 சதவீதம் சிட்ரேட், பாஸ்பேட் போன்றவற்றோடு சேர்ந்திருக்கிறது. மீதிப் பாதி யாரோடும் ஒட்டாமல் அயனியாகத் திரிகிறது. உடலுக்கு வேலை செய்வது இந்தப் பாதிதான். வழக்கமான சோதனை மூன்றையும் சேர்த்தே அளப்பதால், ஆல்புமின் குறைந்தவர்களுக்குக் கால்சியமும் குறைந்ததுபோலத் தெரியும். கல்லீரல் கெட்டவர்கள், சிறுநீரில் புரதம் போகிறவர்கள், நீண்ட நாள் படுக்கையில் கிடப்பவர்கள் இந்த வகை.

திருத்திக்கொள்ள ஒரு கணக்கு உண்டு. 4இலிருந்து ஆல்புமின் அளவைக் கழித்து, வருவதை 0.8ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்ட வேண்டும். கால்சியம் 7.8, ஆல்புமின் 2.5 என்றால் 4 கழித்தல் 2.5 என்பது 1.5. அதை 0.8ஆல் பெருக்கினால் 1.2. 7.8உடன் கூட்டினால் 9.0. இவருக்குக் கால்சியக் குறைவு இல்லை. தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நம்பத்தக்கதல்ல. அவர்களுக்கு அயனிக் கால்சியத்தையே நேராக அளக்க வேண்டும். 1.12 முதல் 1.32 மில்லிமோல் வரை அதன் இயல்பு. அந்த ரத்தத்தைக் காற்றுப் படாமல் எடுத்து உடனே அளக்க வேண்டும் என்பதால், வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் மாதிரி இதற்குச் சரிப்படாது.

இன்னொரு பிழை குழாயில் வருவது. ரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. என்ற உறைவுத் தடுப்பான் இருக்கும். அது கால்சியத்தைப் பிடித்துவைத்தே வேலை செய்கிறது. அந்தக் குழாயில் எடுத்த ரத்தம் தவறுதலாக மற்றக் குழாயில் சிறிது கலந்தாலும் கால்சியம் பாதாளத்துக்குப் போகும். அந்த மருந்திலுள்ள பொட்டாசியம் கூடிக் காட்டும். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்குக் கால்சியம் 5, பொட்டாசியம் 8 என்று வந்தால், பயப்படும் முன் அன்றைக்கே மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை.

எதிர்மாறாக, சோதனையில் சரியாக இருந்தும் அறிகுறி வருவதுண்டு. பயத்தில் மூச்சை வேகவேகமாக விடுபவருக்கு ரத்தம் காரத் தன்மை அடையும். அப்போது ஆல்புமின் கூடுதல் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, அயனிக் கால்சியம் மட்டும் குறைந்து, கை மரத்து விரல் இழுக்கும். மொத்தக் கால்சியம் 9.5 என்றே இருக்கும். மூச்சு நிதானப்பட்டால் இது தானே சரியாகும்.

தில்லியில் மழைக்காலம் முடிந்து டெங்கு பரவும் மாதங்களில் பிளேட்லெட் தானம் செய்யப் போகிறவர்களும் இதை உணரலாம். ரத்தம் உறையாமலிருக்க இயந்திரத்தில் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடிப்பதால், நடுவிலேயே உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும். இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, ஒரு கால்சியம் மாத்திரை தந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அறிகுறிகள்

முதலில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்பு. பிறகு கெண்டைக்கால், பாதம், முதுகு ஆகியவற்றில் குரக்களி என்ற தசைப்பிடிப்பு. இன்னும் இறங்கினால் கை தனக்கென்று ஒரு வடிவம் எடுக்கும்: மணிக்கட்டு மடங்கி, விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டி, கட்டைவிரல் உள்ளே மடியும். குரல்வளைத் தசை இறுகினால் மூச்சு இழுக்கும்போது சத்தம் வரும். வலிப்பு வரலாம். ஈசிஜியில் கியூ.டி. என்ற இடைவெளி நீளும். அதனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. எவ்வளவு குறைந்தது என்பதோடு எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பதும் முக்கியம். ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கியவர் 6.5இலும் நடமாடிக்கொண்டிருப்பார், அறுவை முடிந்து ஒரே இரவில் 7.5க்கு விழுந்தவருக்குக் கை இழுக்கும்.

மருத்துவர் இரண்டு சோதனைகள் செய்வார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை, மேல் அழுத்தத்தைவிட 20 கூட்டி 3 நிமிடம் இறுக்கிவைத்தால் மேலே சொன்ன கை வடிவம் வருகிறதா என்பது ட்ரூசோ சோதனை. இது ஓரளவு நம்பகமானது. காதுக்கு முன்னால் தட்டினால் வாயோரம் துடிக்கிறதா என்பது ஷ்வாஸ்டெக் சோதனை. நலமாக இருப்பவர்களில் பத்தில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ இப்படித் துடிக்கும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

நாள்பட்ட குறைவுக்கு வேறு முகம் உண்டு. இள வயதிலேயே கண்புரை, வறண்ட தோல், உடையும் நகம், காரணமில்லாத படபடப்பு, மனச்சோர்வு. மூளை ஸ்கேனில் இரு பக்கமும் ஒரே மாதிரி கால்சியம் படிந்திருக்கும். பாராதைராய்டு செயலிழந்தவர் சிலருக்குக் காக்கை வலிப்பு என்று பெயர் வைத்துப் பல ஆண்டு வலிப்பு மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த மாத்திரைகளில் ஃபெனிட்டோயின், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவை வைட்டமின் டி-யைச் சிதைத்துக் கால்சியத்தை இன்னும் இறக்கும். வலிப்பு வந்த எவருக்கும், எந்த வயதானாலும், ஒருமுறையாவது கால்சியம் பார்த்தே ஆக வேண்டும். செலவு குறைந்த இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டால் ஒருவருடைய வாழ்க்கையே திசை மாறிப் போகும்.

காரணங்கள்: தில்லியில் முதலில் வெயில்

வெயில் கொட்டும் ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பவர்கள் தங்கள் நிழலைப் பார்த்துக்கொள்ளலாம். நிழல் நம் உயரத்தைவிட நீளமாக இருக்கும் நேரத்தில், வைட்டமின் டி உருவாக்கும் புறஊதா பி கதிர் தோலுக்கு மிகக் குறைவாகவே வந்துசேரும். சென்னையில் டிசம்பர் நடுப்பகலில்கூட நிழல் நம் உயரத்தில் முக்கால் பங்குதான். தில்லி 28.6 பாகை வடக்கே இருப்பதால், டிசம்பர் கடைசியில் சூரியன் உச்சிக்கு வரும்போதும் 38 பாகை உயரத்தில்தான் நிற்கும்; நிழல் நம் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு. அதற்கு மேல் புகைமூட்டமும் ஸ்வெட்டரும். மயூர் விஹாரிலோ துவாரகாவிலோ கண்ணாடி அடைத்த பால்கனியில் காயும் வெயில் இதமாக இருக்கும். ஆனால் கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது.

எய்ம்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தில்லியில் நலமாக இருப்பவர்களிடமே வைட்டமின் டி பரவலாகக் குறைந்திருப்பதை 2000இல் வெளியிட்டார்கள். புகை மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளையும் புகை குறைந்த குர்காவ் பகுதிக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2002இல் வந்தது. முதல் பகுதியில் சராசரி மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமை ஒட்டியும், இரண்டாவதில் 27ஐ ஒட்டியும் இருந்தது. 20க்குக் கீழே போனால் குறைவு என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

ஆனால் டி குறைந்த எல்லோருக்கும் ரத்தக் கால்சியம் குறையாது. பி.டி.எச். கூடுதலாகச் சுரந்து எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். எலும்பு வலி, மாடிப்படி ஏறத் தொடை பலமில்லாமை என்று அது தெரியவரும். டி மிகவும் இறங்கி, அந்த ஈடுகட்டலும் தோற்கும்போதுதான் கால்சியம் விழும். இந்த நிலையில் இருப்பவருக்குச் சரிபார்க்காமல் எலும்புத் தேய்வு ஊசி போடுவது ஆபத்து. இந்த ஊசி மருந்துகளான சோலிட்ரானிக் அமிலமும் டெனோசுமாபும் எலும்பிலிருந்து கால்சியம் வெளிவரும் வழியை அடைக்கின்றன. அந்த வழியை நம்பியே ரத்தத்தின் அளவு நின்றுகொண்டிருந்தால், ஊசி போட்ட ஓரிரு வாரங்களில் கை இழுக்கும். ஊசிக்கு முன்பே கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்த்து, குறைவை முதலில் சரிசெய்ய வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டெனோசுமாபால் வரும் கடுமையான கால்சியக் குறைவைக் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜனவரியில் தன் உச்ச எச்சரிக்கையைச் சேர்த்தது.

கைக்குழந்தைகளுக்கு இது இன்னும் கூர்மையானது. தாய்க்கு டி குறைவென்றால் தாய்ப்பாலிலும் குறைவு. காய்ச்சல் இல்லாமல் குழந்தைக்கு வலிப்பு வந்தால் முதலில் பார்க்க வேண்டியவற்றில் சர்க்கரையும் கால்சியமும் உண்டு. பிறந்ததிலிருந்து முதல் ஆண்டு முழுவதும் நாளுக்கு 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. குப்பிக்குக் குப்பி ஒரு மில்லியில் உள்ள யூனிட் மாறும். புதுக் குப்பி வாங்கும்போதெல்லாம் எத்தனை மில்லி என்று பார்த்தே கொடுக்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்குப் பசும்பால் கொடுப்பதும் கால்சியத்தை இறக்கும். அதிலுள்ள மிகுதியான பாஸ்பேட்டை வெளியேற்ற அந்தச் சிறுநீரகத்துக்கு இன்னும் திறன் போதாது.

கழுத்து அறுவைக்குப் பின்

மருத்துவமனை வார்டில் திடீரெனக் கால்சியம் விழுவதற்குப் பழகிய காரணம் தைராய்டு அறுவை. அந்தச் சிறு சுரப்பிகளுக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்கள் நசுங்கினாலோ, சுரப்பி தைராய்டோடு சேர்ந்து போய்விட்டாலோ, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் கால்சியம் அடிமட்டத்துக்கு வரும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சுரப்பிகள் தேறிவிடும். ஆறு மாதம், ஓராண்டு கழிந்தும் தேறாவிட்டால் அது நிரந்தரம்.

ஊரிலிருந்து தில்லிக்கு வந்து அறுவை செய்துகொள்கிறவர்கள் இதைக் கணக்கில் வைத்தே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். இரண்டாம் நாள் நன்றாக இருக்கிறது என்று ரயிலேறினால், சென்னை சேர ஏறத்தாழ ஒன்றரை நாள். கால்சியம் அடிமட்டம் தொடும் நேரம் நாக்பூருக்கு அருகிலோ பல்லார்ஷாவிலோ வரும். மூன்றாம் நாள் கால்சியம் பார்த்து, அது இறங்கவில்லை என்று தெரிந்த பிறகு கிளம்புவது நல்லது. வழியில் உதடு மரத்தால் என்ன செய்வது, கூடுதல் மாத்திரை எத்தனை என்பதையும் மருத்துவரிடம் எழுதியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாராதைராய்டு கட்டியை எடுத்த பிறகு வருவது வேறொன்று. பல ஆண்டாகக் கரைந்த எலும்பு, கட்டி போன மறுநாளே ரத்தத்திலிருந்து கால்சியத்தை வெறியோடு இழுத்துக்கொள்ளும். பசித்த எலும்பு என்றே மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். இங்கே கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தே விழும்.

மக்னீசியமும் மற்றவையும்

கால்சியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால் மக்னீசியத்தைப் பார்க்க வேண்டும். அதன் இயல்பு டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.4 மி.கி. மிகவும் இறங்கிவிட்டால் பாராதைராய்டு ஹார்மோனை வெளியிடாது. வெளியிட்டாலும் எலும்பு அதற்குக் கட்டுப்படாது. குடிப்பழக்கம், நீண்ட வயிற்றுப்போக்கு, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள் இதற்குக் காரணமாகும். கவனத்துக்கு வராத காரணம், ‘கேஸ் மாத்திரை’ என்று காலையில் வெறும் வயிற்றில் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் பேன்டோபிரசோலும் ஓமிபிரசோலும். குடல் மக்னீசியத்தை உறிஞ்சுவதை இவை சிலருக்குக் கெடுக்கின்றன. வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் கால்சியம் கார்பனேட் மாத்திரை கரைவதையும் கெடுக்கின்றன. மருத்துவர் நிறுத்தச் சொன்ன பிறகும் பழக்கத்தில் தொடர்பவர்கள் இதை ஒருமுறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறுநீரகம் கெட்டால் கால்சிட்ரியால் உருவாகாது, பாஸ்பேட் தேங்கும். கணையம் திடீரென அழன்றால், சிதையும் கொழுப்போடு கால்சியம் சோப்பாகப் படிந்துவிடும். குறுகிய நேரத்தில் பல புட்டி ரத்தம் ஏற்றினால் அதிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடிக்கும். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியாக் குழந்தைகளுக்குப் பாராதைராய்டில் இரும்பு படிந்து அது செயலிழக்கலாம். உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதும், பிறவியிலேயே சுரப்பி இல்லாமல் போவதும், ஹார்மோன் இருந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காத பரம்பரைக் கோளாறும் அரிதானவை.

எந்தக் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கால்சியத்தோடு ஆல்புமின், பாஸ்பேட், மக்னீசியம், கிரியாட்டினின், பி.டி.எச்., வைட்டமின் டி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இவற்றுக்கான ரத்தத்தை மாத்திரை தொடங்கும் முன்பே கொடுப்பது நல்லது. கால்சியம் ஏறிய பிறகு பார்க்கும் பி.டி.எச். குழப்பும். ஆனால் கை இழுத்துக்கொண்டிருப்பவருக்குச் சோதனை முடிவு வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது.

கால்சியம் குறைந்திருக்கும்போது பி.டி.எச். கூடியிருக்க வேண்டும். அதுவும் குறைவாகவோ, ‘இயல்பு’ என்றோ வந்து, பாஸ்பேட் உயர்ந்திருந்தால் கோளாறு பாராதைராய்டில். இங்கே அந்த ‘இயல்பு’ இயல்பல்ல. அறிக்கை படிப்பவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது. பி.டி.எச். உயர்ந்து பாஸ்பேட் தாழ்ந்திருந்தால் வைட்டமின் டி குறைவு. இரண்டும் உயர்ந்து கிரியாட்டினினும் உயர்ந்திருந்தால் சிறுநீரகம்.

சிகிச்சை

வலிப்பு, மூச்சில் சத்தம், கை இழுப்பு, மயக்கம், ஈசிஜியில் மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், திடீரென 7.5க்குக் கீழே விழுந்தாலும் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். தில்லியில் 112 அல்லது 102ஐ அழைக்கலாம். கையில் மாத்திரையைத் திணித்து வீட்டில் காத்திருக்கும் நேரம் அதுவல்ல.

அங்கே நரம்பு வழியாகக் கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீத மருந்தைக் கொடுப்பார்கள். 10 மி.லி. குப்பியில் உண்மையான கால்சியம் 93 மி.கி. ஒன்றோ இரண்டோ குப்பியை 50 முதல் 100 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் கலந்து, இதயத் துடிப்பைத் திரையில் பார்த்தபடி 10 முதல் 20 நிமிடத்தில் ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் துடிப்பு தாழ்ந்து நின்றும் போகலாம். அதனால் அவசரத்திலும் இதில் அவசரம் கூடாது. பலன் இரண்டு மூன்று மணி நேரம்தான் நிற்கும். ஆகவே மணிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 1.5 மி.கி. கணக்கில் சொட்டுசொட்டாகத் தொடர்ந்து, சில மணிக்கொருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே செவிலியரை அழைக்க வேண்டும். மருந்து வெளியே கசிந்தால் தசை வெந்துபோகும். டிகாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடுகிறவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மக்னீசியம் குறைந்திருந்தால் அதையும் ஏற்றாமல் கால்சியம் நிலைக்காது.

அவசரம் இல்லாதவர்களுக்கு மாத்திரை. அட்டையின் பின்பக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.யில் உண்மையான கால்சியம் 500 மி.கி. கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி.யில் 210 மி.கி.தான். மருத்துவர் ‘500’ என்று எழுதினால் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கார்பனேட் கரைய அமிலம் தேவை என்பதால் அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். சிட்ரேட்டுக்கு அது தேவையில்லை; கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வயிற்றைச் சுருக்கும் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் அதுவே ஏற்றது. ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் விழுங்கினால் குடல் முழுவதையும் உறிஞ்சாது. பிரித்துப் போட வேண்டும்.

தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி கட்டாயம். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை என்றால், முதல் கால்சியம் 10 மணிச் சிற்றுண்டியோடு, அடுத்தது பிற்பகல் சாப்பாட்டோடு, மூன்றாவது இரவுச் சாப்பாட்டோடு என்று வைத்துக்கொள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரையையும், சிப்ரோஃப்ளோக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லிகளையும் கால்சியத்தோடு சேர்த்து விழுங்கக் கூடாது.

வைட்டமின் டி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு மருந்துகள் புழங்குகின்றன. கோலிகால்சிஃபெரால் என்பது உடல் மாற்றிக்கொள்ள வேண்டிய மூலப்பொருள். டி குறைவுக்கு வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வீதம் 8 வாரம், பிறகு மாதம் ஒன்று என்பது இந்தியாவில் வழக்கம். கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் நன்றாக உறிஞ்சும். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று விளங்கிக்கொண்டு சாப்பிட்டு, கால்சியம் தலைகீழாக ஏறி, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்புமாக வருகிறவர்கள் உண்டு. வாங்கும்போதே அட்டையின்மேல் கிழமையை எழுதிவிடுவது நல்ல பழக்கம். கால்சிட்ரியால் என்பது செயல்படும் வடிவமே. பாராதைராய்டோ சிறுநீரகமோ கெட்டவர்களின் உடல் மூலப்பொருளை மாற்ற முடியாது என்பதால் அவர்களுக்கு இது தேவை. 0.25 மைக்ரோகிராம் அளவில் தொடங்குவார்கள். ஓரிரு நாளில் வேலை தெரியும், நிறுத்தினாலும் விரைவில் இறங்கும்.

உணவைப் பற்றி: வளர்ந்தவருக்கு நாளுக்கு 1000 மி.கி. கால்சியம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் 364 மி.கி., 100 மி.லி. பசும்பாலில் 120 மி.கி. அளவுக்கு உண்டு. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் நல்லவை. பாலக் கீரையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் அதன் கால்சியத்தை விடாது. இவை அனைத்தும் எலும்புக்கு அவசியம். ஆனால் சுரப்பி செயலிழந்து கால்சியம் விழுந்தவரைக் கேழ்வரகுக் கூழ் காப்பாற்றாது.

நிரந்தரமாகப் பாராதைராய்டு இழந்தவர்கள்

இவர்களுக்கு இலக்கு 9.5 அல்ல. 8.0 முதல் 8.5 வரை, அதாவது இயல்பின் கீழ் விளிம்பிலோ அதற்குச் சற்றுக் கீழோ, அறிகுறி இல்லாமல் இருப்பதே போதும். பி.டி.எச். இல்லாததால் சிறுநீரகம் கால்சியத்தைப் பிடித்துவைக்காது. ரத்தத்தில் ஏற்ற ஏற்ற அது சிறுநீரில் கொட்டி, கல்லாகும், சிறுநீரகத்திலேயே படியும். அறிக்கையில் சிவப்பு எழுத்து போக வேண்டும் என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது இதனால்தான் தவறு. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கால்சியத்தை அளக்க வேண்டும். பெண்களுக்கு 250, ஆண்களுக்கு 300 மி.கி.க்குள் நிற்க வேண்டும். மீறினால், சிறுநீரில் கால்சியம் போவதைக் குறைக்கும் தயசைடு வகை மாத்திரை சேர்ப்பார்கள். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம் ஆகியவை கால்சியம் கூடிவிட்டதற்கான அடையாளம்.

அளவு நிலைக்கும்வரை வாரந்தோறும், பிறகு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை ரத்தச் சோதனை. இடையிடையே கண்ணையும், சிறுநீரக ஸ்கேனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவுற்றாலும், பால் கொடுக்கத் தொடங்கினாலும் தேவைப்படும் அளவு மாறும். அப்போது சோதனை இன்னும் நெருக்கமாக வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் மாத்திரை உடலில் சேராது. இரண்டு வேளை தங்கவில்லை என்றாலே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறவர்கள் உணவை விட்டாலும் மாத்திரையை விடக் கூடாது. கார்பனேட்டுக்குப் பதில் சிட்ரேட் மாற்றித்தரச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

பணப்பையில் ஒரு சீட்டும் எப்போதும் இருக்கட்டும். நோயின் பெயர், சாப்பிடும் மருந்துகளின் அளவு, வலிப்பு வந்தால் முதலில் கால்சியம் பார்க்கவும் என்ற ஒரு வரி, அழைக்க வேண்டிய தொலைபேசி எண். தில்லியில் என்றால் இதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.